கைவாகு

போன வருடம் மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அவள் மண்டபம் கேட்கவில்லை. "வர்றவங்க எல்லாரும் ஏதாவது செய்யணும்மா" என்றாள். காகிதத்தில், களிமண்ணில், பாசிமணியில். எனக்குப் பெருமையாக இருந்தது. ஓசூரில் இப்போது குழந்தைகளின் பிறந்தநாள் என்றால் அடுக்ககத்தின் கீழ்த்தளக் கூடம், பலூன் வளைவு, திரும்பிப் போகும் ஒவ்வொரு கையிலும் ஒரு பரிசுப்பை. மொத்தத்தையும் பேசி முடித்துக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதெல்லாம் வேண்டாம், வீட்டிலேயே எளிமையாக வைத்துக்கொள்வோம் என்றேன். அந்த 'எளிமை' என்ற சொல்லை யோசிக்காமல்தான் சொன்னேன். எளிமை என்பது பணத்தில் மட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

வரப்போவது பதினான்கு குழந்தைகள். ஆறு வயதிலிருந்து பதினொன்று வரை. ஆறு வயதுக்காரனிடம் கத்தரி கொடுக்கலாமா? ஒருத்திக்கு முட்டை சேராத கேக் வேண்டும். களிமண்ணைப் பிசைந்து பொம்மை செய்தால் ஒரு மாலைக்குள் காயாது. ஆகவே அகல்விளக்குகளை முன்னாலேயே வாங்கிவைத்து வண்ணம் மட்டும் தீட்டச் சொல்லலாம். முகமூடிக்குக் கண் துளைகளை நாமே வெட்டி வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். பாசிமணிக்கு ஊசி வேண்டாம், நைலான் நூல் போதும். ஆனால் நைலானில் போட்ட முடிச்சு நிற்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குப் பஸ் பிடித்து, அவென்யூ சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அடுத்த வாரம் வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, தரையில் விரிக்கப் பழைய செய்தித்தாள் போதுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் கணவர் நல்லவர். "என்ன வேணும்னு லிஸ்ட் போட்டுக் கொடு, வாங்கிட்டு வந்துடறேன்" என்றார். வாங்கியும் வந்தார். ஆனால் அந்த லிஸ்ட் போடுவதுதான் வேலை. அதை அவரிடம் விளக்குவது இன்னொரு வேலை என்பதால் விட்டுவிட்டேன்.

2019ஆம் ஆண்டு இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடங்களும், செய்கிற ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக வந்தது. அரைமணி அரைமணியாகப் பிரித்துக் கேட்டு எடுத்த கணக்கு அது. யாப்பு நடத்திக்கொண்டே முட்டையில்லாத கேக்கை யோசித்த அரைமணியை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

இதுவரை சொன்னது எனக்கு நேர்ந்தது. இந்தப் பகுதியை நம் கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். நான் பேசும்போது கைதட்டலும் கிடைத்திருக்கிறது. நான் செய்தது இனிமேல்தான் வருகிறது.

எங்கள் வீட்டு மாடியில் மூன்று பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள். மூவரும் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள். அவர்களில் ஒருத்தி ஊத்தங்கரைப் பக்கம், இருபத்துமூன்று வயது. குடிவந்த புதிதில் 'மேடம்' என்றவள், மூன்றாம் மாதம் 'அக்கா' என்றாள். பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, நான் கூடத்தில் அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவள் கத்தரி பிடித்த விதமே வேறு. அட்டையைத்தான் திருப்பினாள், கத்தரியைத் திருப்பவில்லை. நான் ஒரு முகமூடி வெட்டுவதற்குள் நாலு வெட்டிவிட்டாள். நைலான் முடிச்சை நுனியில் தீக்குச்சி காட்டி உருக்கினால் நிற்கும் என்று சொன்னதும் அவள்தான்.

"எனக்கு இதெல்லாம் வராது. உனக்கு நல்ல கைவாகு" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு எழுந்துபோய் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். அவள் பத்து மணிக்கு இரவு ஷிப்ட் பஸ் வரும்வரை வெட்டினாள். மறுநாள் வேலை முடிந்து வந்து, தூங்கி எழுந்து, மீதியை வெட்டினாள். பதினான்கு முகமூடி, பதினான்கு பாசிமணிப் பொட்டலம், பதினான்கு விளக்குக்கும் வெள்ளை அடித்துக் காயவைத்தது எல்லாம் அவள். பணம் நீட்டினேன். "பாப்பா பொறந்தநாளுக்குப் போய்க் காசாக்கா?" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இப்போது சந்தேகப்படுகிறேன்.

விழா நன்றாக நடந்தது. வீட்டில் ஒரே நேரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி. ஓசூர்ப் பிள்ளைகள் ஒரு வாக்கியத்துக்குள்ளேயே எல்லை தாண்டுவார்கள். அரைமணி கழித்துப் பார்த்தால் பெண் குழந்தைகள் குனிந்து கோர்த்துக்கொண்டிருந்தார்கள். பையன்களில் நாலைந்து பேர் முகமூடியை மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்து, ஒருவன் மணித் தட்டை உதைத்துவிட்டான். பெண்கள் "டேய்" என்று கத்தினார்கள், பிறகு பொறுக்கினார்கள்.

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் எட்டாவது சிற்றில். சிறுமிகள் மணலில் வீடு கட்டிச் சிறுசோறு சமைத்து விளையாடுகிறார்கள். பாட்டுடைத் தலைவனான சிறுவன் அதைக் காலால் அழிக்க வருகிறான். அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். அந்தக் கெஞ்சல்தான் பாட்டு. பெண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்கள் கழங்கு, அம்மானை, ஊசல் என்று போகும். இன்னொருவர் கட்டியதை அழிக்கிற விளையாட்டு அதில் கிடையாது. பல வருடமாக இதை நயம் சொல்லி வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அன்று என் கூடத்தில் அது நடந்தபோது நான் என்ன செய்தேன் என்றால், பையன்களை "வெளியே போய் விளையாடுங்கப்பா" என்று அனுப்பிவிட்டு, பெண்களிடம் துடைப்பத்தைக் கொடுத்தேன். அதோடு, என் மகளின் தோழி ஒருத்தியைப் பார்த்து, "இவளுக்குக் கை எவ்வளவு நறுவிசு பாருங்க" என்றும் சொன்னேன். அது அவள் காதில் பாராட்டாகவே விழுந்திருக்கும்.

மாடிப் பெண் விழாவுக்கு வரவில்லை. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு மேலே தூங்கிக்கொண்டிருந்தாள். நேரம் குறிக்கும்போது அவள் ஷிப்ட் என்ன என்று நான் கேட்கவேயில்லை. யாருக்கு முட்டை ஆகாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கேக் ஒரு துண்டைத் தட்டில் வைத்து மூடி மேலே அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்துத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவளிடம் பேச்சுவாக்கில், வேலைக்கு எப்படி எடுத்தார்கள் என்று கேட்டேன். சிரித்தாள். "பூக் கட்டுவியா, கோலம் போடுவியான்னு கேட்டாங்கக்கா. நீங்க சொன்ன மாதிரியேதான். பொண்ணுங்களுக்குக் கை நல்லா வரும்னாங்க." சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்துகிற வேலை. சம்பளம் எவ்வளவு என்று சொன்னாள். கை நன்றாக வருவதற்கென்று அதில் தனியாக எதுவும் இல்லை.

1981இல் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் எழுதிய ஒரு கட்டுரை பெண்ணிய ஆய்வுகளில் புகழ்பெற்றது. வேகமான விரல்கள் மலிவான தொழிலாளிகளை உண்டாக்குகின்றன என்பது அதன் தலைப்பின் பொருள். முதலீட்டாளர்களை அழைப்பதற்காக மலேசிய அரசு வெளியிட்ட ஒரு கையேடு கீழைநாட்டுப் பெண்ணின் கைகளைப் புகழ்ந்திருந்ததை அதில் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர்களின் வாதம் எளிமையானது. அந்த விரல்கள் பிறவியில் வந்தவை அல்ல. சிறு வயதிலிருந்து அம்மாவிடமும் பாட்டியிடமும் தையலும் வீட்டுவேலையும் செய்து பழகியவை. அந்தப் பயிற்சி வீட்டுக்குள் நடந்ததால் அது பயிற்சி என்று யாரும் எண்ணவில்லை. எண்ணாததால் அது 'திறன்' ஆகவில்லை. திறன் இல்லாத வேலைக்கு உரிய கூலிதான் அதற்குக் கிடைத்தது. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் ஃபிட்டர் படித்தவனின் கைக்குச் சான்றிதழ் உண்டு. ஊத்தங்கரைத் திண்ணையில் பத்து வருடம் பூக்கட்டிய கைக்கு 'கைவாகு'தான் உண்டு. கைவாகு, கைராசி, கைப்பக்குவம் என்று நம் மொழி பெண்ணின் கையைப் புகழ எத்தனை சொல் வைத்திருக்கிறது! எல்லாமே அவள் கற்றுக்கொண்டதை மறைக்கிற சொற்கள்.

இந்த ஊரில் இது புத்தகச் செய்தி இல்லை. சிப்காட் வந்த எழுபதுகளுக்குப் பிறகு இங்கே வண்டிகள் வந்தன, கைக்கடிகாரம் வந்தது. தொண்ணூறுகளில் மைராடா அமைப்பின் துணையோடு கிராமத்து மகளிர் குழுக்கள் 'மெடோ' என்ற பெயரில் சொந்த நிறுவனமாகத் திரண்டு, டைட்டன் கடிகாரப் பட்டைகளுக்குக் கண்ணி கோர்த்தார்கள். கோர்க்கிற கை தன் பெயரில் கணக்கு வைத்துக்கொண்ட அரிய கதை அது. இப்போது டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோனுக்கான பாகங்கள் செய்கிறது. வேலைசெய்வோரில் பெரும்பகுதி பெண்கள். போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் அறிவிப்பு வந்தபோது நானும் மகிழ்ந்து கவிதை எழுதினேன். பெண்களுக்குச் சம்பளம் வருவது பெரிய விஷயம். மாடிப் பெண்ணைக் கேட்டாலும் அதையே சொல்வாள். அந்தச் சம்பளத்தில் தங்கையைப் படிக்கவைக்கிறாள். நான் கேட்பது, அவளுடைய கைக்கு விலை வைக்கும் இடத்தில் 'இயல்பு' என்ற சொல் எப்படி நுழைந்தது என்பதை. தொழிற்சாலை அதை நுழைத்தது என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. அதே சொல் என் கூடத்திலும் இருந்தது. தொழிற்சாலையாவது மாதம் பிறந்தால் சம்பளம் போடுகிறது. நான் கேக்தான் அனுப்பினேன்.

'பாசத்தோடு செய்ததற்குக் கணக்குப் பார்த்தால் பாசம் என்ன ஆவது?' என் மாமியார் கேட்டார். மாணவிகளும் கேட்பார்கள். இதற்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது: மொய் நோட்டு. கல்யாண வீட்டில் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்து ஊரையும் பேரையும் கேட்டு, நூற்றியொன்றா ஐந்நூற்றியொன்றா என்று எழுதுகிறார். பல வருடம் கழித்து அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு முந்தின நாள் அந்த நோட்டைத் தேடி எடுத்துப் பார்க்கிறோம். அதனால் உறவு கெட்டது என்று யாரும் சொல்வதில்லை. எழுதாமல் விட்டால்தான் கெடும். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு முந்தின இரவு முழுக்க வெங்காயம் உரித்து, தேங்காய் துருவி, பூத்தொடுத்த பெண்களின் பெயர் அந்த நோட்டில் எங்கேயும் இருக்காது. அதற்குப் பெயர் ஒத்தாசை. ஆக நமக்குக் கணக்கு ஆகாது என்பதில்லை. யாருடைய எதை எழுதுவது என்பதில்தான் வழக்கு. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதை உதவித்தொகை என்று சொல்லாமல் மகளிர் உரிமைத் தொகை என்றது. தொகை சிறிது, எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

அதற்காக மாடிப் பெண்ணின் கையில் பணத்தைத் திணிக்க முடியுமா? முடியாது. அவள் மறுத்ததில் அவள் கௌரவம் இருந்தது. அவள் பாப்பாவுக்கு அக்கா, கூலியாள் அல்ல. ஆனால் அக்கா என்றால் விழாவில் இருந்திருக்க வேண்டும். கூலியும் தரவில்லை, உறவுக்குரிய இடமும் தரவில்லை. இரண்டுக்கும் நடுவில், எதையும் தராமல் இருக்க வசதியான ஒரு இடம் எனக்குக் கிடைத்திருந்தது. வீட்டுவேலைக்கு வருகிறவரை 'எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்று சொல்லும் வீடுகளெல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கின்றன.

இந்த வருடம் அவளிடம் போய்ச் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. போன தடவை நான் செய்தது சரியில்லை என்றேன். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை, அல்லது படாத மாதிரி இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு வர்ற வாரத்துல வைங்கக்கா. நானும் வெளக்குக்குப் பெயின்ட் அடிக்கிறேன்" என்றாள். பிறந்தநாள் பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. மகள் இரண்டு நாள் பேசவில்லை. லிஸ்டை இந்தத் தடவை கணவரே போட்டார்; பசையை மறந்துவிட்டார், விழா நடுவில் கடைக்கு ஓடினார். முகமூடியை வந்தவர்களே கோணலாக வெட்டிக்கொண்டார்கள், ஒருவனுக்கு ஒரு கண்தான் தெரிந்தது. கூட்டுகிற முறை சீட்டுக் குலுக்கி வந்தது. உதைக்கிற பையனுக்கே விழுந்ததில் கொஞ்சம் என் கைவேலை உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

அவள் குழந்தைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு ஒரு மணிநேரம் அந்த விளக்கோடு உட்கார்ந்திருந்தாள். நீலம் அடித்தாள், பிடிக்கவில்லை, அதன்மேல் மஞ்சள் அடித்தாள், பச்சையாகிப் போனது. தூக்கிக் காட்டி, "எனக்குக் கைவாகே இல்லக்கா" என்று சிரித்தாள். என் மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னும் காயவில்லை, ஜன்னலோரம் வை என்றாள்.