கடைசி சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை 5 மணிக்குத் திருவான்மியூரில் கிளம்பும்போது நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒரே கூட்டம்தான். மாமல்லபுரம் 40 கிலோமீட்டருக்கு மேல். அக்கரை தாண்டுவதற்குள் முன்னால் போகிறவர்களின் பின்விளக்குகள் சிவப்புப் புள்ளிகளாகிவிடும். முட்டுக்காடு பாலம் வரும்போது புள்ளிகளும் இருக்காது.

பின்னால் ஓட்டுவது சுலபம் என்பார்கள். முன்னவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பார், அவர் சக்கரத்தை ஒட்டியே போனால் கால்வாசி உழைப்பாவது மிச்சம். உண்மைதான். ஆனால் சைக்கிளுக்குச் சைக்கிள் இடைவெளி ரொம்பக் கூடிவிட்டால் அந்தச் சலுகை போச்சு. யாருக்கு மூச்சு வாங்குகிறதோ அவருக்கே எதிர்காற்று முழுசும்.

கோவளம் டீக்கடையில் நான் போய் இறங்கும்போது எல்லார் கிளாஸும் காலியாக இருக்கும். "வாங்க சார், உங்களுக்காகத்தான் வெயிட்டிங்!" அவர்களுக்குக் கால்மணி நேரம் ஓய்வு. எனக்கு, சூடான டீயை ஊதி ஊதி விழுங்கும் நேரம். நான் வந்து சேர்வதுதான் அவர்கள் கிளம்புவதற்கான மணி. கோபப்படவும் வழியில்லை, காத்திருந்தவர்கள் ஆயிற்றே.

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் கடைசி இடத்தில் இருப்பவரைச் 'சிவப்பு லாந்தர்' என்பார்கள், ரயிலின் கடைசிப் பெட்டியில் எரியும் விளக்கை வைத்து. முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள 1910 முதல் ஒரு வண்டியும் உண்டு. அதற்குப் பெயர் துடைப்ப வண்டி. நிஜத் துடைப்பத்தையே அதில் கட்டிவைத்த காலமும் இருந்தது.

எங்கள் துடைப்பம் ஒரு இளைஞர். யாரும் தனியாகிவிடக் கூடாதென்று எனக்குப் பின்னால் வருவார். அவர் பெடலை நிறுத்தினால் பின்சக்கரம் 'டிக் டிக் டிக்' என்று சத்தம் போடும். நான் இரைக்க இரைக்க மிதிக்க, முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் ஓயவே ஓயாது. "நீங்க போங்க தம்பி" என்றால், "பரவாயில்ல அங்கிள், எனக்கும் இன்னிக்கு ஈஸி ரைடுதான்" என்பார். பொய். அதற்கு நன்றி சொல்வதா, வெட்கப்படுவதா என்று இரண்டு வருஷமாகியும் எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் புதிதாக ஒருவர் சேர்ந்தார், என்னைவிட மெதுவாக ஓட்டுகிறவர். கோவளத்தில் முதல்முறையாக உட்கார்ந்து, சாவகாசமாக ஒரு டீ முழுசாகக் குடித்தேன். கிளாஸை வைத்த சற்று நேரத்தில் அவர் வந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்க்க இடம் தேடினார். "வாங்க சார்" என்றேன். அப்போதுதான் கவனித்தேன், என் கை தாடைக்குக் கீழே ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தது.