கூட்டத்திற்குக் கேள்வி கணக்கு உண்டா?

கொள்ளையிடப் போய்த் திட்டம் குலைந்து அழிந்தோரின் கதைகளை மேல்நாட்டார் சிறு முதலீட்டில் திரைப்படங்களாக எடுத்துக் குவிக்கின்றனர். அரங்கில் அமர்ந்திருப்போருக்கு அது பொழுதுபோக்கு. நம் அரியலூர்ச் சீமையிலோ அத்தகைய நிகழ்ச்சி மெய்யாகவே நடந்தது. அங்கே பார்த்து நின்றோரே தண்டனை நிறைவேற்றுவோராய் மாறினர்.

1987 செப்டம்பர் 1 ஆம் நாள், அன்று திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பொன்பரப்பியில், தமிழ்நாடு விடுதலைப் படையின் தலைவர் தமிழரசனும் தோழர் நால்வரும் வங்கிக் கொள்ளை முயற்சியின்போது மக்களால் அடித்துக் கொல்லப்பட்டனர். இயக்கத்திற்குப் பொருள் திரட்டுவதே அவர்களின் நோக்கம்.

நோக்கம் உயர்ந்ததாயின் வழி எதுவாயினும் ஆகுமா? எண்ணத்தைக் கொண்டே செயல் மதிக்கப்படும் என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. ஆயினும் ஆகுமான செயலுக்கே எண்ணம் அழகூட்டும். ஹராமை அது ஹலாலாக்காது. சிற்றூர் வங்கியின் பெட்டகத்தில் இருப்பது எவருடைய பொருள்? உழவன் சேமித்த காசும், விதைப்புச் செலவுக்காக அவன் மனைவி கழற்றிக் கொடுத்த நகையுமன்றோ? ஏழைக்காகப் போராடுவோர் ஏழையின் முடிச்சிலேயே கைவைப்பது எங்ஙனம் அறமாகும்?

அடுத்த கேள்வி இதனினும் கடினமானது. அடித்துக் கொன்றது நீதியா? அவ்வாண்டு மார்ச் 15 இல் மருதையாற்றுப் பாலத்தில் வெடிவைத்து, மலைக்கோட்டை விரைவு ரயிலில் வந்த 20 க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது அவ்வியக்கமே. ஆகவே தகும் என்பார் உளர். ஆனால் கூட்டம் அதற்காகவா அடித்தது? கொள்ளையர் என்னும் ஒரு சொல்லே அதற்குப் போதுமாயிருந்தது. அறியாமல் அடித்த அடி, பின்னர்த் தெரியவரும் குற்றத்தால் நீதியாகிவிடாது. கூட்டத்தில் மாற்றுடையில் காவலர் இருந்தனர் என்பர் தமிழரசனின் ஆதரவாளர். அது மெய்யாயினும், அடித்த கைகளின் பொறுப்பு நீங்காது.

திருட்டுக்குக் கடுந்தண்டனை விதிக்கும் ஷரீஅத்தே அதனை எத்தனை நிபந்தனைகளால் வேலியிட்டிருக்கிறது! பொருள் குறித்த மதிப்பை எட்டியிருக்க வேண்டும். காப்பிடத்திலிருந்து கவரப்பட்டிருக்க வேண்டும். காஜியின் முன் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். ஐயம் எழின் தண்டனை விலகும். பஞ்சக் காலத்தில் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அத்தண்டனையையே நிறுத்தி வைத்தார்கள். தண்டிக்கும் அதிகாரம் பெற்ற கலீஃபாவே தயங்கினார்கள். அதிகாரமற்ற கூட்டம் தயங்கவில்லை.

அதே மருதையாற்றில் 1956 நவம்பரில் வெள்ளத்தால் பாலம் சிதைந்து ரயில் கவிழ்ந்தபோது, தம் கையால் ஏதும் செய்திராத ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். கூட்டத்திலோ ஆயிரம் கைகள் அடிக்கும். ஒவ்வொரு கையும் தன்னைக் குற்றமற்றதெனக் கருதும்.

மஹ்ஷரில் நாம் கூட்டமாக நின்று பதில் சொல்லப் போவதில்லை. ஒவ்வொருவர் கையும் தனித்தனியே சாட்சி சொல்லும். தெருவில் ஒருவன் பிடிபட்டு, பலர் கையோங்கும் வேளையில், நம் பிள்ளைகள் நினைவில் கொள்ள வேண்டியது இதுவே.