யார் வாசித்துப் பார்த்தார்?

2025ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதி ஞாயிறன்று, அமெரிக்காவின் 'சிக்காகோ சன் ரைம்ஸ்' பத்திரிகையுடன் கோடைகால இணைப்பொன்று வெளிவந்தது. விடுமுறையில் வாசிக்கத்தக்க 15 நூல்களின் பட்டியல் அதில் இடம்பெற்றிருந்தது. இசபெல் அலெண்டே போன்ற புகழ்பெற்ற எழுத்தாளரின் பெயர்கள்; ஆனால் நூல்களுள் 10 எவராலும் எழுதப்படாதவை. எழுதப்படாத நூலுக்குக் கதைச்சுருக்கமும் தரப்பட்டிருந்ததுதான் விந்தை! செயற்கை நுண்ணறிவுப் பொறி புனைந்து கொடுத்ததை, பட்டியலைத் தயாரித்தவர் சரிபாராது அனுப்பிவிட்டார். பின்னர் அவரே அதனை ஒப்புக்கொண்டு வெட்கப்பட்டார்.

பொறி பொய் சொன்னது எனலாமா? பொய்யுரைப்பவன் தன் மனம் அறிந்ததற்கு மாறாகப் பேசுகின்றான். அடுத்து எச்சொல் வரக்கூடும் எனக் கணித்து அடுக்கும் பொறிக்கோ அறிந்தது என்று ஒன்றுமில்லை. அதனால் வெட்கப்படவும் அதற்கு இயலாது.

பத்திரிகையாளர் இதுபற்றி ஒருமித்த கருத்துடையோர் அல்லர். கம்பனிகளின் இலாபக் கணக்குச் செய்திகளை 'அசோஷியேற்றட் பிரஸ்' நிறுவனம் 2014 முதல் தன்னியக்க முறையில் எழுதுவித்தபோது, சலிப்பான வேலை குறைந்ததென வரவேற்றோர் உளர். தன் ஆக்கங்கள் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டன என்று 'நியூயோர்க் ரைம்ஸ்' 2023 டிசெம்பரில் வழக்குத் தொடர்ந்தது. வேலை பறிபோகுமோ என்ற அச்சமும் பலருக்கு உண்டு. வயிற்றுப்பாட்டுக் கவலையை எவரும் இலேசாக எண்ணலாகாது.

ஆயினும் சிக்காகோவில் நடந்ததைச் சற்றே உற்றுநோக்குவோம். இணைப்பு வெளிநிறுவனமொன்றினால் வழங்கப்பட்டது. ஆசிரிய பீடம் அதனைத் தயாரிக்கவோ அங்கீகரிக்கவோ இல்லை என்று பத்திரிகை விளக்கமளித்தது. இது விளக்கமா, குற்ற ஒப்புதலா என்று எமக்குத் தெரியவில்லை. பத்திரிகையின் பெயரைத் தாங்கி வீடுவீடாகச் சென்ற தாள்களை அதன் ஆசிரியர் எவரும் பார்க்கவில்லை என்பதல்லவா அதன் பொருள்? அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர்தான், ஊழியருள் ஐந்திலொரு பங்கினர் இழப்பீடு பெற்று விலக முன்வந்திருந்தனர்.

அச்சேறும் இரவில் வெறுமையாய்க் கிடக்கும் பத்தி எத்தகைய சோதனை என்பதை நாமும் அறிவோம். கையில் அகப்பட்டதை இட்டு நிரப்பும் பழக்கம் கணினிக்கு மூத்தது. இன்று அகப்படுவது பிழையற்ற நடையில், திருத்தம் வேண்டாதது போலத் தோற்றமளிப்பதே புதிய ஆபத்து. ஒப்புநோக்குபவரின் கண்ணும் அங்கே உறங்கிவிடும்.

சிக்காகோப் பட்டியலை வாசித்து, இந்நூல்கள் எங்கே என்று கேட்டவர்கள் வாசகர்களே. அவ்விணைப்புக்குச் சந்தாதாரரிடம் கட்டணம் அறவிடப்படமாட்டாது என்று நிர்வாகம் பின்னர் அறிவித்தது.