ரூட்டர் யாருடைய அமானிதம்?

இணைய இணைப்புக் கொடுக்கிற நிறுவனம் கூடவே ஒரு ரூட்டரையும் சுவரில் மாட்டிவிட்டுப் போகிறது. அதை அப்படியே வைத்துக்கொள்வதா, சொந்தமாக ஒன்று வாங்குவதா? கடைக்காரரைக் கேட்டால் வேகத்தைப் பற்றிச் சொல்வார். படித்த பிள்ளைகளைக் கேட்டால் பாதுகாப்பைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு இது மார்க்கக் கேள்வியாகத்தான் முதலில் மனத்தில் விழுந்தது. என் வீட்டில் இருக்கும் பிறர் பொருளுக்கு நான் எதுவரை பொறுப்பு? என்னை நம்பிப் பிறர் ஒப்படைத்ததை, சாவி வேறொருவர் கையில் இருக்கும் பெட்டி வழியாக அனுப்ப எனக்கு அனுமதி உண்டா?

கூடலூர்க்காரர்களுக்கு முதல் கேள்வி பழகியதுதான். நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலமாக இருந்த பூமி இது. 1969இல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் 17ஆம் பிரிவுக்குள் சிக்கிய நிலங்களின் வழக்கு தலைமுறை தாண்டியும் ஓய்ந்தபாடில்லை. ‘செக்ஷன் பதினேழு’ என்றால் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும். பட்டா இல்லை என்பதற்காகவே கரண்டுக்கு வருடக்கணக்கில் காத்திருந்த வீடுகள் எத்தனையோ. எங்கள் வீட்டு மண்ணுக்கும் பட்டா கிடையாது. ஆனாலும் மழைக்கு முன்னால் தண்ணீர் போக வாய்க்கால் வெட்டுகிறோம். மண் சரியாமல் கல் கட்டுகிறோம். வாசனைக்கு யானை வந்துவிடும் என்று பலாவைப் பழுக்க விடாமல் பிஞ்சிலேயே இறக்குகிறோம். பட்டா வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று யாரும் மண்ணை அப்படியே விட்டுவைக்கவில்லை. உரிமை யாருடையதாக இருந்தாலும், கைவசம் இருக்கிறவரை பராமரிப்பு நம் தலையில்தான்.

கிதாபுகளும் இதையே சொல்கின்றன. அமானிதங்களை, அதாவது நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவற்றை, உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நம் கவனக்குறைவு இல்லாமல் அமானிதப் பொருள் கெட்டுப்போனால் ஈடு தர வேண்டியதில்லை. கவனக்குறைவால் கெட்டால் தந்தாக வேண்டும். இரவல் பொருளில் மட்டும் மத்ஹபுகள், அதாவது மார்க்கச் சட்ட வழிகள், பிரிகின்றன. நாங்கள் ராவுத்தர்கள், ஹனஃபிகள். எங்களுக்கு இரவல் வாங்கியதும் அமானிதமே. பக்கத்து வீட்டு இத்தாத்தா நிலம்பூர்ப் பக்கம், ஷாஃபி. அவர்கள் வழியில் இரவல் பொருள், எதற்குத் தந்தார்களோ அந்த உபயோகத்தில் தேய்ந்தது போக, வேறு எப்படிக் கெட்டாலும் வாங்கியவர்தான் ஈடு கட்ட வேண்டும். வாடகைக்கு எடுத்த பொருளில் எங்கள் இருவருக்கும் பேதம் இல்லை: எடுத்தவர் அமானிதக்காரர். மாதாமாதம் பணம் கட்டுகிறோம் என்பதால் ரூட்டரை இந்த வகையில் சேர்ப்பதே சரி என்பது என் எண்ணம். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவைப்பது, தண்ணீர் ஒழுகும் ஓட்டுக்குக் கீழே வைக்காமல் இருப்பது, இணைப்பை நிறுத்தும் அன்று பெட்டியை அடாப்டரோடு திருப்பிக் கொடுப்பது எல்லாம் என் கடமை.

அரிசி மூட்டையோ சைக்கிளோ என்றால் பேச்சு இத்தோடு முடிந்துவிடும். ரூட்டர் அப்படிச் சும்மா கிடக்கும் பொருள் இல்லை. அந்த வெள்ளைப் பெட்டிக்குள் இரண்டு வேலை நடக்கிறது. மஞ்சள் ஒயரின் கண்ணாடி இழையில் வரும் ஒளியைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது ஒன்று. அதை வீட்டிலுள்ள போன், லேப்டாப், டிவிக்குப் பங்கிட்டு, யாரை உள்ளே விடலாம், எந்த முகவரியை எங்கே கேட்பது என்று தீர்மானிப்பது இன்னொன்று. டிஆர்-069 என்ற நெறிமுறை 2004இல் வந்தது. நிறுவனம் தன் இடத்தில் இருந்தபடியே வாடிக்கையாளர் வீட்டுப் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்கவும், அமைப்புகளை மாற்றவும், அணைத்துப் போடவும் அது வழிசெய்கிறது.

இதைக் கெட்ட ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆடி மழையில் நாடுகாணிப் பக்கமும் தேவாலாப் பக்கமும் மரம் சாயாத நாள் குறைவு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் வந்து பார்ப்பது நடக்கிற காரியமா? பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கினால் லைன் போய்விட்டது, ஆள் வந்துதான் ஆக வேண்டும். மற்றக் கோளாறுகளில் பாதியை அங்கிருந்தே சரிசெய்துவிடுகிறார்கள். லைன் பார்க்க வரும் பையன் என்னிடம் படித்தவன். அட்மின் பாஸ்வேர்டு என்ன என்று அவனைக் கேட்டேன்.

“அது நம்மகிட்ட இருக்காது டீச்சர். வைஃபை பாஸ்வேர்டு மட்டும்தான் உங்களுக்கு. வேற ஏதாவது மாத்தணும்னா ஒரு போன் போடுங்க, அங்கிருந்தே மாத்திடுவாங்க.”

உதவியாகத்தான் சொன்னான். ஆனால் அந்த ‘அங்கிருந்தே’ எனக்குள் தங்கிவிட்டது. பிறர் வீட்டுக்குள் ஸலாம் சொல்லி அனுமதி கேட்காமல் நுழையக் கூடாது என்கிறது அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம். சுவரும் கதவும் உள்ள வீட்டுக்கு மட்டும்தான் இந்த ஒழுக்கமா? என் வீட்டில் எந்த போன் எந்நேரம் விழித்திருக்கிறது என்று காட்டும் பட்டியலுக்குள் நுழையவும் அனுமதி வேண்டாமா?

இப்படி யோசிக்கும்போதே இன்னொரு வசனம் குறுக்கே வந்து நிற்கிறது. ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் துருவித் துருவி உளவு பார்ப்பதைத் தடுக்கிறது. அதற்கு முன்பாகவே, அதே வசனத்தில், அதிகமான சந்தேகங்களைத் தடுக்கிறது. எந்தக் குற்றமும் செய்து நான் பார்த்திராத ஒரு நிறுவனத்தை, செய்யக்கூடும் என்பதற்காகச் சந்தேகித்து அதன் பெட்டியைக் கழற்றுவது இந்தத் தடைக்குள் வருமா? வெகுநாள் இதில்தான் நின்றேன். நிறுவனம் என்றாலும் அங்கே இருப்பவர்கள் மனிதர்கள். அவர்களைப் பற்றி ஆதாரமில்லாத கெட்ட எண்ணம் வளர்ப்பதற்கு, நான் வாடிக்கையாளர் என்பது சாக்காகாது.

என் சொந்த விஷயம் மட்டும் என்றால் கேள்வி இந்த இடத்திலேயே முடிந்திருக்கும். என்னுடையதை நல்லெண்ணத்தில் யாரிடமும் விட எனக்கு உரிமை உண்டு. நஷ்டம் வந்தால் எனக்குத்தானே. ஆனால் ஓய்வுபெற்ற டீச்சர் வீடு இந்தப் பக்கத்தில் பாதி இ-சேவை மையம் மாதிரி. ஸ்காலர்ஷிப் மனு, விதவை உதவித்தொகை, சாதிச் சான்று, மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கு என்று ஒவ்வொன்றும் என் லேப்டாப்பில்தான் ஏறுகிறது. தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு நேராக வரும் பெண்கள், பிளாஸ்டிக் கவரில் மடித்த ஆதார் கார்டையும் பேங்க் பாஸ்புக்கையும் மேசையில் வைத்துவிட்டு, “நீங்களே பார்த்துப் போடுங்க டீச்சர்” என்று ஓடிபி வருகிற போனையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் நம்புவது என்னை. ரூட்டர் என்று ஒன்று இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மர்கீனானி எழுதிய ‘ஹிதாயா’, ஹனஃபி சட்டத்தின் பெரிய ஆதார நூல். அதில் அமானிதப் பொருள் பற்றித் தனிப் பாடமே உண்டு. அமானிதத்தை வாங்கியவர் தானே காக்கலாம், தன் வீட்டார் கையிலும் கொடுத்துக் காக்கலாம். வெளியாரிடம் கொடுத்து அங்கே அது தொலைந்தால் வாங்கியவரே பொறுப்பு. விலக்கும் சொல்லப்பட்டிருக்கிறது: வீடு தீப்பற்றினால் பக்கத்து வீட்டில் கொடுக்கலாம், கப்பல் மூழ்கினால் அடுத்த கப்பலுக்கு மாற்றலாம். நிர்ப்பந்தம் என்றால் மட்டும். இதைப் படித்தபோது என் கேள்வி நேராகிவிட்டது. அந்த நிறுவனம் நல்லதா கெட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்லவே தேவையில்லை. அது என் வீட்டார் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பெண்கள் அதனிடம் எதையும் ஒப்படைக்கவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறவர் தெருவில் போகிற யாரையும் திருடன் என்று சொல்லிவிடவில்லை.

ஆபத்து வெறும் கற்பனையும் இல்லை. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களைக் கெடுநிரல் ஒன்று தாக்கியது. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத மோடம்கள் ஆயிரக்கணக்கில் முடங்கின. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கு வேண்டுகோள் வந்தது. 2018இல் பெரும்பாலும் பிரேசிலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட்டர்கள் களவாகத் திருத்தப்பட்டது தெரியவந்தது. வங்கியின் முகவரியைச் சரியாகத் தட்டியவர்களையும் அவை போலிப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டன. கடையில் வாங்கும் பிராண்டுகளும் அதில் தப்பவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஏனென்றால் சொந்தமாக வாங்குவதே பரிகாரம் என்று நினைப்பது தவறு. வாங்கிவந்து மாட்டிவிட்டு, மென்பொருளை ஒருநாளும் புதுப்பிக்காமல் விட்டால், நிறுவனம் பராமரிக்கும் பெட்டியைவிட அது மோசம். சாவி நம் கைக்கு வந்துவிட்டால் கவனக்குறைவும் முழுக்க நம் கணக்கில்தான் எழுதப்படும். ரூட்டரை மாற்றினால் நிறுவனத்தின் பார்வையிலிருந்தே தப்பிவிடலாம் என்பதும் இல்லை. லைன் அவர்களுடையது, எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியவே செய்யும். வங்கிப் பக்கத்தில் நாம் தட்டுவது மறையாக்கம் ஆகிப் போவதால் அதன் உள்ளடக்கம் தெரியாது. மாறுவது ஒன்றுதான்: வீட்டுக்குள் யாரை விடுவது, எந்த முகவரியை எங்கே கேட்பது, எந்தக் கதவைத் திறப்பது என்ற தீர்மானம் வீட்டுக்காரர் கைக்கு வருகிறது. என்னை நம்பியவர்களுக்கு நான் கொடுக்க வேண்டியதும் அதுதான்.

ஆக, மாற்றிவிட்டேன். நிறுவனத்தின் பெட்டியை எறியவில்லை, எறிய எனக்கு உரிமையும் இல்லை. அந்தப் பெட்டியின் அடையாள எண்ணை வைத்துத்தான் எக்ஸ்சேஞ்ச் எங்கள் இணைப்பை அறிகிறது. அதை ‘பிரிட்ஜ்’ முறையில் போடச் சொன்னேன். இப்போது ஒளியை மாற்றித் தரும் வேலையை மட்டும் அது செய்கிறது. பங்கிடும் வேலையும் காவலும், இரண்டாயிரம் ரூபாயைச் சுற்றி விலைகொடுத்து வாங்கிய என் ரூட்டருக்கு. இத்தாத்தா வீட்டுப் பிள்ளைகள் படிக்க ‘கெஸ்ட்’ வைஃபை தனியாகப் போட்டிருக்கிறேன். அண்டை வீட்டாருக்கு உள்ள ஹக்கும் (உரிமையும்) குறையவில்லை, மகளிர் குழுக் கணக்கு இருக்கும் லேப்டாப்புக்கு அந்த வழியாக யாரும் வரவும் முடியாது.

எல்லோரும் இப்படிச் செய்தாக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் பாட்டும் படமும் பார்க்கிறவர் நிறுவனத்தின் ரூட்டரையே வைத்துக்கொள்ளலாம், வைஃபை பாஸ்வேர்டை மட்டும் இன்றே மாற்றிவிடட்டும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் அதே பாஸ்வேர்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் தெருவிலேயே நிறைய. பிறர் ஆதாரும் பாஸ்புக்கும் ஏறும் கணினி வைத்திருப்பவர்கள், அதாவது ஜெராக்ஸ் கடைக்காரர், குழுத் தலைவி, கொழுந்துக் கணக்கு எழுதுகிறவர், ஜமாஅத் செயலாளர், கோயில் கமிட்டிக்காரர், பங்கு அலுவலகத்தார், சொந்த ரூட்டருக்கான செலவைத் தள்ளிப்போடக் கூடாது.

இணைப்புத் தரும் நிறுவனங்களுக்கும் ஒரு கோரிக்கை. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், தான் விரும்பிய ரூட்டரை மாட்டிக்கொள்ள வாடிக்கையாளருக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. இங்கே அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கேட்கிறவருக்கு ‘பிரிட்ஜ்’ போட்டுக் கொடுங்கள், எதற்கு என்று கேட்காமல்.