ஆரோக்கியப்பச்சையும் பாதிப் பணமும்

1987இல் அகத்தியமலைக் காட்டில் தாவர ஆய்வாளர்கள் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருக்க, வழிகாட்ட வந்த காணிப் பழங்குடி இளைஞர்கள் களைப்பே இல்லாமல் நடந்தார்கள். இடையிடையே ஏதோ ஒரு செடியின் காயைக் கடித்துக்கொண்டார்கள். என்ன காய் என்று கேட்டால் பதில் வரவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாத சங்கதி அது. வற்புறுத்திக் கேட்ட பிறகே செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம், அந்தச் செடியின் இலையோடு வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்குத் தயாரிப்பு உரிமம் கொடுக்கப்பட்டது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று நிலையம் முடிவு செய்தது. அப்படிக் கொடுக்கச் சொல்லி அன்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. பல்லுயிர்ச் சட்டம் வந்ததே 2002இல்தான். உலகம் மெச்சியது நியாயமே.

ஆனால் யாரைக் கேட்டார்கள்?

காணிகள் ஒரே ஊரில் கூடி வாழ்பவர்கள் அல்லர். குற்றிச்சல், விதுரா, பெரிங்ஙம்மலை என்று பல பஞ்சாயத்துகளில், காட்டுக்குள் சிதறிய குடிகள். செடியைக் காட்டியவர்கள் சில இளைஞர்கள். மருத்துவ அறிவைக் காப்பவர்களோ பிலாத்திகள். அவர்களில் சிலர் இந்த ஏற்பாட்டை வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். பணத்தைப் பெற்றுக்கொள்ள ‘கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட்’ பதிவானது 1997இல், அதாவது உரிமம் கைமாறி இரண்டு ஆண்டு கழித்து. பங்கு போடுவதில் காட்டிய நேர்மையை முடிவெடுப்பதில் காட்டவில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

எல்லாக் குடிகளும் தலையசைக்கும்வரை காத்திருந்தால் எதுவுமே நடந்திராது என்று வாதிடலாம். அதில் உண்மை உண்டு. ஆனாலும், வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பில்லாதவரின் சம்மதத்துக்கு என்ன பொருள்?

காடும் கணக்கில் வர வேண்டும். மருந்துக்கு இலை தேவைப்பட்டதும் அரசுத் திட்டத்தில் காணிக் குடும்பங்கள் செடியை வளர்க்கத் தொடங்கின. காட்டிலிருந்தே பிடுங்கி விற்றுவிடுவார்கள் என்று அஞ்சி வனத்துறை குறுக்கே நின்றது. அச்சம் வீண் என்று சொல்லிவிட முடியாது; வெளியாட்களும் செடியைத் தேடி வந்தார்கள். ஆனால் தலைமுறைகளாக அந்தச் செடியை அறிந்தவர்களையே முதலில் சந்தேகித்தது கொஞ்சம் வேடிக்கைதான்.

2006இன் வன உரிமைச் சட்டம் மரபறிவைச் சமூகத்தின் உரிமையாக ஏற்று, கிராம சபைக்குப் பெரும் பொறுப்பு தருகிறது. ஆனால் எந்த ஊரின் சபையைக் கேட்பது? காணிகள் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி, திருநெல்வேலிக் காடுகளிலும் இருக்கிறார்கள். டிரஸ்டின் பெயரோ கேரளத்தோடு நின்றுவிடுகிறது.