ஆற்றோட்டமும் போட்டியும்: ஓர் அறவியல் நோக்கு

திருகோணமலை நகருக்கு வடக்கே, கடலையும் களப்பையும் வயலையும் ஒருங்கே கொண்ட பழம்பதி திரியாய். அவ்வூர்க் குன்றிலுள்ள வடமொழிச் சாசனமொன்று திரபுசக, வல்லிக என்னும் வணிகரை நினைவுகூர்கின்றது. 1985ஆம் ஆண்டின் வன்செயல்களால் இடம்பெயர்ந்த அவ்வூர் மக்கள் திரும்பி வந்து குடியமர்வதற்குப் பல ஆண்டுகள் சென்றன. இத்தகைய ஊரிலே களப்பில் தோணி செலுத்துவோனுக்கு விரைவு ஒரு பொருட்டன்று. வலையில் மீன் அகப்பட்டதா, காற்று மாறுமுன் கரை சேரலாமா என்பனவே அவனது கவலைகள். அத்தகைய ஒருவனின் மகன், தொழிலுக்காகவன்றி மகிழ்ச்சிக்காகவே துடுப்பு வலிக்கின்றான் என்றும், ஒருநாள் ஆற்றுப் பந்தயம் ஒன்றிலே முதன்முறையாகப் பெயர் கொடுக்கின்றான் என்றும் கொள்வோம். அவனிடத்து நிகழும் மாற்றம் யாது? நேற்றுவரை தன்னளவில் நிறைவுடையதாயிருந்த ஒரு செயல், இன்று பிறரோடு ஒப்பிட்டு அளக்கப்படும் பொருளாகி விடுகின்றதே. அதனால் அவன் பெறுவது யாது, இழப்பது யாது?

இவ்வினாவுக்கு விடை தேடுமுன் அவன் ஏறியிருக்கும் ஓடத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும். கயாக் எனப்படும் ஒடுங்கிய ஓடம் கிரீன்லாந்திலும் வடதுருவத்தை அடுத்த பிற நிலங்களிலும் வாழ்ந்த இனுயிற் மக்களின் ஆக்கம். கடல்நாயின் தோலைச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டி, இருபுறமும் அலகுள்ள ஒரே துடுப்பால் அதனைச் செலுத்தி அவர்கள் வேட்டையாடினர். 1865ஆம் ஆண்டில் ஜோன் மக்கிறெகர் என்னும் ஸ்கொத்லாந்துச் சட்டவாணர் அவ்வமைப்பைத் தழுவி ‘றொப் றோய்’ என்ற மர ஓடத்தைச் செய்வித்து, றைன், டான்யூப், செயின் முதலிய ஐரோப்பிய ஆறுகளில் தன்னந்தனியராய்ச் சுற்றி வந்தார். அவரைத் துரத்தியவரும் இல்லை. அவர் முந்த வேண்டியவரும் இல்லை. மறு ஆண்டே அவர் தம் பயணத்தை நூலாக்கினார். ஓடக்கழகம் ஒன்றையும் நிறுவினார். 1867இலோ அக்கழகம் ஓடப்பந்தயம் நடத்திவிட்டது! தனிமையின் இன்பத்தை உலகுக்கு எடுத்துரைத்தவர் கூட்டிய கழகத்துக்கே போட்டியின்றி ஈராண்டு இருக்க இயலவில்லை. இதனை மனிதனின் வீழ்ச்சி என்று எள்ளி நகையாடிவிடுதல் எளிது. ஆயினும் அது அவசரத் தீர்ப்பாகும்.

ஏனெனில், போட்டி விளையாட்டுக்குப் புறம்பானதன்று. ஒல்லாந்து வரலாற்றறிஞர் யொகான் ஹுய்சிங்கா 1938இல் வெளியிட்ட தமது நூலில், விளையாட்டைப் பண்பாட்டின் வேர்களுள் ஒன்றாகவே கண்டார். போட்டியையும் அதனுள்ளேயே அடக்கினார். அவர் அஞ்சியது போட்டியையன்று. வினைமுறைமை மிகுந்து, விளையாட்டு தன் விளையாட்டுத் தன்மையையே இழந்துவிடும் நிலையை அவர் அஞ்சினார். எனவே நமது வினா சற்று இடம் மாறுகின்றது. போட்டியிடலாமா என்பதை விட்டு, போட்டியிடும்போது எதனைக் கைவிடலாகாது என்பதையே கேட்டல் வேண்டும்.

ஆறு இதற்கு நல்ல ஆசான். திரியாய்க்கு அணித்தே கடலில் கலக்கும் யான் ஓயாவும், கொட்டியார்க் குடாவை அடையும் மகாவலியும் தம் இறுதிக் கட்டத்தில் சமநிலத்து ஆறுகள். பாறைகளிடையே நுரைத்துப் பாயும் நீரை நாடுவோர் கித்துல்கலைக்குச் சென்று களனி கங்கையையே காண வேண்டும். களப்பிலே பழகிய கை அங்கே முதலில் திகைக்கும். களப்பு நீர் செலுத்துவோனுக்கு அடங்கும். ஆற்று நீரோ அவனைச் செலுத்தும். நீர்ப்பரப்பிலே கூர்முனை கீழ்நோக்கி அமைந்த மென்மையான நாவொன்று தெரியுமாயின் அது வழி. கூர்முனை மேல்நோக்கி அமையுமாயின் அங்கே பாறை மறைந்திருக்கின்றது. பெரும்பாறையின் பின்புறத்தே நீர் எதிர்த்திசையில் மெல்லச் சுழன்று திரும்பும். மகிழ்ச்சிக்காக வருபவன் அந்தச் சுழலுள் ஓடத்தைத் திருப்பி நிறுத்தி மூச்சு வாங்குவான்; வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பான்; கரைமரத்தில் மீன்கொத்தி இருந்தால் அதனையும் பார்ப்பான். பந்தயத்தில் அதே சுழல் கால இழப்பு. அவ்விடத்தில் நிற்பவன் தோற்பவன். ஒரே பாறை, ஒரே நீர். பெயர் கொடுத்த தாளொன்று அதன் பொருளை மாற்றிவிடுகின்றது.

எனினும் பந்தயத்தால் அவன் பெறுவதும் உண்டு. தனியே செல்பவன் தன் தவறுகளைத் தானே மன்னித்துக்கொள்கின்றான். பிறன் ஒருவன் அதே நீர்நாவை இரண்டே வீச்சில் கடப்பதைக் காணும்போதுதான் தனது ஐந்து வீச்சு வீண் என்பது அவனுக்கு விளங்கும். நம்மினும் வல்லவரைக் காணுதல் ஒரு கல்வி. அக்காட்சி பொறாமையாகத் திரிந்தாலன்றி அதில் இழுக்கில்லை. வள்ளுவர் அழுக்காறாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியமை அத்திரிபு எத்துணை எளிதில் நிகழும் என்பதை அறிந்தமையாலன்றோ? ஆற்றோட்டத்தில் அகப்பட்ட தெப்பத்தை உயிர்வாழ்வுக்கு உவமையாக்கிய கணியன் பூங்குன்றனாரும், அவ்வுவமையின் முடிவாகப் பெரியோரை வியத்தலையும் சிறியோரை இகழ்தலையும் ஒருங்கே மறுக்கின்றார். முறையின் வழியே யாவும் செல்லும் என்பது அவர் கொள்கை. கயாக் செலுத்துவோன் தெப்பமல்லன். அவன் கையில் துடுப்புண்டு. ஆயினும் கடைசியாகக் கரை சேரும் புதியவன் தன்னை இகழ்ந்துகொள்ளாதிருக்கவும் முதல்வனைத் தெய்வமாக்காதிருக்கவும் அப்புலவரின் தெளிவு அவனுக்கும் வேண்டியதே. (ஆலப்புழையில் 1952இல் நேரு கண்டு களித்த சுண்டன் வள்ளங்களில் ஏறத்தாழ நூறு பேர் சேர்ந்து துடுப்பு வலிப்பர், அங்கே கடைசி என்னும் நாணம் நூறாகப் பகிரப்படுகின்றது. தனி ஓடத்தில் அந்த வசதி இல்லை.)

இங்கே வினா கூர்மையடைகின்றது. முன்னே செல்லும் ஓடம் கவிழ்ந்தால் பின்வருபவன் செய்ய வேண்டியது யாது? வேகநீர் ஓடப்போட்டிகளின் விதிகள் இதனை அவன் விருப்பத்துக்கு விட்டுவைக்கவில்லை. இன்னொருவர் உண்மையான ஆபத்தில் இருப்பதைக் கண்டவர் உதவியே ஆகவேண்டும். தவறின் போட்டியிலிருந்து விலக்கப்படலாம். அறத்தை விதியாக்கி எழுதிவைத்த அரிய விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று. ஆனால் விலக்கப்படுவோம் என்றஞ்சி உதவுபவனின் செயல் அறமாகுமா? கடமைக்கு இயையச் செய்வது வேறு, கடமை என்பதற்காகவே செய்வது வேறு என 1785இல் கான்ற் வகுத்த வேறுபாடு, கவிழ்ந்த ஓடத்தருகே நிற்பவனுக்கும் பொருந்தும். கவிழ்ந்தவனுக்கோ இவ்வேறுபாட்டால் யாதொரு பயனும் இல்லை. அவனுக்கு வேண்டியது ஒரு கை.

1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள் பூசான் கடலில் நடைபெற்றன. கடுங்காற்று வீசிய ஒருநாள், தனியாள் ஓட்டத்தில் இரண்டாமிடத்தில் சென்றுகொண்டிருந்த கனடா நாட்டு லோறன்ஸ் லெமியூ, வேறொரு போட்டியில் கவிழ்ந்து காயமுற்றிருந்த சிங்கப்பூர் வீரர் இருவரைக் கண்டார். தம் பாதையை விட்டு விலகிச் சென்று அவர்களைத் தம் படகில் ஏற்றி, மீட்புப் படகு வரும்வரை காத்திருந்த பின்னரே மீண்டும் ஓட்டத்தில் சேர்ந்தார். நடுவர்கள் அவ்வோட்டத்தின் இரண்டாமிடத்தையே அவருக்கு அளித்தனர்; ஒலிம்பிக் குழு கூபெர்த்தான் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. மொத்தப் போட்டியில் அவர் பெற்றது பதினோராம் இடம்.

நடுவர்களின் தீர்ப்பு நீதியானதே. ஆயினும் அதில் ஒரு சிக்கல் உண்டு. இழந்த இடம் திரும்பக் கிடைக்குமென முன்கூட்டியே உறுதி இருந்திருப்பின், அவர் செய்த ஈகை அத்துணை பெரிதாயிருக்குமா? அந்த உறுதி அவருக்கு அப்பொழுது இல்லை. திரும்பும்போது தம் இரண்டாமிடம் கடலோடு போயிற்று என்றெண்ணியே அவர் திரும்பியிருத்தல் வேண்டும். செயலின் எடை அந்த எண்ணத்திலேயே தங்கியுள்ளது. பின்னர் வந்த பதக்கம் அவ்வெடையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

திரியாய் இளைஞனுக்குத் திரும்பிவரின், அவனுக்கு இழக்க இரண்டாமிடம் இல்லை. கடைசியில் வருபவன் உதவுவது எளிதன்றோ எனச் சிலர் கூறக்கூடும். அஃது ஏற்கத்தக்கதன்று. முதன்முறை போட்டியிடுபவனுக்கு முடிவுக்கோட்டைக் கடத்தலே ஒரு வெற்றி. அதற்காக அவன் பல மாதம் உழைத்திருப்பான். தான் கவிழ்ந்துவிடுவேனோ என்ற அச்சமும் அவனையே மிகுதியாகப் பற்றியிருக்கும். வல்லவன் இழப்பது இடம். புதியவன் பணயம் வைப்பது தன் உயிர்ப்பாதுகாப்பை. களப்பிலே அவன் தந்தை காற்றில் அகப்பட்ட அயலவன் தோணியைக் கண்டால் வலையை அறுத்துவிட்டேனும் அங்கே போவார். அதற்கு அவர் எந்த விதிநூலையும் புரட்டுவதில்லை. மகன் பாறையின் பின்னுள்ள சுழலுள் ஓடத்தைத் திருப்புகின்றான். மேலே நுரையினின்று யாருடையதோ ஒரு துடுப்பு மட்டும் மிதந்து வருகின்றது. அவன் கரையை நோக்காது, நீரையே நோக்கி நிற்கின்றான்.