காகிதப் பொம்மையும் கண்ணாடிப் பெட்டியும்

வீட்டில் உருவப் படம் வைக்கலாமா, கூடாதா என்ற கேள்வி நம் மக்களிடையே புதியதல்ல. ஆனால் அந்தக் கேள்வி பெரும்பாலும் கூடத்துச் சுவரைப் பார்த்தே கேட்கப்படுகிறது. பிள்ளைகளின் கையைப் பார்த்துக் கேட்கப்படுவது குறைவு. திருவண்ணாமலை மாவட்டம் கலசப்பாக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருப்பது இந்த இரண்டாவது வகைக் கேள்வி. சிறிய விஷயம்தானே என்று தள்ளிவிட மனம் வரவில்லை. ஒரு மஸ்அலாவும் ஒரு குடும்பத்தின் நிம்மதியும் அதில் சேர்ந்தே சிக்கியிருக்கின்றன.

ஆரணிப் பட்டு நெசவு பரவிய வட்டாரம் அது. அந்தத் தாயின் பத்து வயது மகள், செல்போனில் கண்ட விலையுயர்ந்த பொம்மைகளின் புகைப்படங்களை ஜெராக்ஸ் கடையில் வண்ணத்தில் எடுத்து வருகிறாள். அட்டையில் ஒட்டுகிறாள். தலை, உடல், மேற்கை, முன்கை, தொடை, கால் என்று தனித்தனியே வெட்டுகிறாள். மூட்டு வருமிடத்தில் ஊசியால் துளையிட்டு, நூல் கோத்து, இருபுறமும் முடிச்சிடுகிறாள். கையைத் தூக்கினால் தூக்கும், காலை மடக்கினால் மடங்கும் பொம்மை தயார். அட்டைக்காகக் கடைக்குப் போகவும் வேண்டாம். தறிக்காரர் வீடுகளில் கழித்துப்போட்ட ஜக்கார்டு அட்டை இருக்கிறது. நீண்டு ஒடுங்கிய அந்த அட்டையில் துளையில்லாத ஓரங்கள் கை கால்களுக்குப் போதும். உடைக்குப் பட்டுநூல் கழிவு, ஜரிகைத் துணுக்கு.

ஒருநாள் தொழுகைப் பாயருகே இவை பரப்பிக் கிடந்ததை அவளுடைய நன்னா பார்த்துவிட்டார். உருவம் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழையமாட்டார்கள் என்று சொல்லி இரண்டைக் கிழித்துப் போட்டார். அன்றிலிருந்து பிள்ளை நன்னாவிடம் பேசுவதில்லை. “மாமா சொன்னது மார்க்கம்தானே? பிள்ளை செய்தது பாவமா? நான் யார் பக்கம் பேசுவது?” என்று கேட்கிறார் அந்தச் சகோதரி.

முதலில் பெரியவரின் பக்கத்தைப் பார்ப்போம். அவர் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருவது. எவரும் இலேசாகத் தள்ளிவிட முடியாது. உருவங்களை உண்டாக்கியோர் கியாமத் நாளில் அவற்றுக்கு உயிர் கொடுக்கும்படி ஏவப்படுவார்கள், அவர்களால் அது முடியாது என்ற எச்சரிக்கையும் ஸஹீஹான ஹதீஸ்களில் இருக்கிறது. உருவம் செய்வதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் ஹஜ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரத்தையும் உயிரில்லாதவற்றையும் செய்துகொள் என்று அவர்கள் வழி காட்டினார்கள். தவ்ஹீதைக் காப்பதற்காகப் போடப்பட்ட வேலி இது. அந்த வேலியைப் பற்றிய அச்சம் பெரியவரின் நெஞ்சில் இருப்பது ஈமானின் அடையாளமே.

ஆனால் அதே நபிமார்க்கத்தின் வீட்டுக்குள் பொம்மைகளும் இருந்தன. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடினார்கள். தோழிகள் உடன் விளையாட வருவார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உள்ளே வரக் கண்டதும் அந்தச் சிறுமிகள் ஓடி ஒளிவார்கள். பெருமானாரோ அவர்களைத் தேடி அழைத்து, மீண்டும் ஆயிஷாவிடமே விளையாட அனுப்பிவைப்பார்கள். இதுவும் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அபூதாவூதில் இன்னொரு நிகழ்ச்சி. ஒரு போர்ப் பயணத்திலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பியிருந்த சமயம், காற்றில் ஒரு திரை விலகியது. உள்ளே பொம்மைகள், அவற்றின் நடுவே துணித் துண்டுகளால் ஆன இரண்டு இறக்கைகளோடு ஒரு குதிரை. குதிரைக்கு இறக்கையா என்று கேட்டார்கள். ஸுலைமான் நபிக்கு இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா நாயகி திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குப் பெருமானார் சிரித்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆஷூரா நோன்பின்போது பசித்து அழும் குழந்தைகளுக்குக் கம்பளி இழையால் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை கவனத்தைத் திருப்பிவைத்ததாக ருபைய்யிஃ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஸஹாபிப் பெண்களின் கையிலும் நூலும் பொம்மையும் இருந்திருக்கின்றன.

இவற்றை வைத்துத்தான் இமாம்கள் பேசினார்கள். காழீ இயாள், சிறுமியரின் பொம்மைக்கு விலக்கு உண்டு என்றும் அதுவே பெரும்பாலான அறிஞர்களின் சொல் என்றும் எழுதியதை இமாம் நவவி எடுத்துத் தந்திருக்கிறார்கள். பிள்ளை வளர்க்கவும் வீட்டைக் கவனிக்கவும் அது பயிற்சி என்பது காரணம். அந்த அனுமதி பின்னாளில் மாற்றப்பட்டுவிட்டது என்றவர்களும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. நம் வடஆற்காட்டுப் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனபி மத்ஹபிலும், பிள்ளைகள் விளையாடும் பொம்மையை விற்பதும் அதைக்கொண்டு அவர்கள் விளையாடுவதும் கூடும் என்று இமாம் அபூயூஸுப் (ரஹ்) அவர்கள் சொன்னதாகக் கிதாபுகளில் காணலாம்.

இதெல்லாம் துணிப் பொம்மைக்கு ஆயிற்று, இது புகைப்படமாயிற்றே என்று நன்னா கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. துணிப் பொம்மைக்குக் கண்ணும் மூக்கும் கரியால் இட்ட கோடுதான். புகைப்படத்தில் முகம் அச்சாகத் தெரிகிறது. புகைப்படத்தைப் பற்றி உலமாக்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. எகிப்தின் முப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ, இது புதிதாக உருவத்தைப் படைப்பதல்ல, விழும் நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று வாதிட்டுக் கூடும் என்றார். தேவ்பந்தின் முப்தி முஹம்மது ஷபீஉ அவர்கள் கையால் வரைந்தாலும் கருவியால் எடுத்தாலும் உருவம் உருவமே என்று நூலே எழுதினார்கள். இரு தரப்பும் அல்லாஹ்வை அஞ்சிப் பேசியவர்களே. இந்தப் பெண் எடுத்தது மனிதரின் படமுமல்ல, பொம்மையின் படம். நிழலின் நிழல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆகவே ‘உருவம் உண்டா இல்லையா’ என்பதோடு விஷயம் நின்றுவிடவில்லை. அந்த உருவம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டாக வேண்டும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் உள்ள ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பயணத்திலிருந்து வந்த பெருமானாரின் முகம் அதைக் கண்டு மாறியது, அதைக் களைந்துவிட்டார்கள். அந்தத் துணி குப்பைக்குப் போனதா? இல்லை. வெட்டப்பட்டுத் தலையணையாயிற்று. துணி அதேதான். தொங்கி, பார்வைக்கு உயர்ந்து நின்றது. வெட்டுப்பட்டுக் கீழே வந்ததும் புழங்கும் பொருளாயிற்று. தலையணையிலிருந்த உருவத்தையும் நாயகம் (ஸல்) வெறுத்ததாக வேறோர் அறிவிப்பு இருப்பதால், இரண்டையும் பொருத்திப் பார்த்த அறிஞர்களில் சிலர், திரையை வெட்டியபோது உருவமும் துண்டாகிவிட்டது, அதனால்தான் தடை நீங்கிற்று என்று விளக்கம் தந்தார்கள். இந்தச் சட்டத்தில் கத்திரிக்கோலுக்கு ஓர் இடம் இருக்கிறது.

இப்போது அந்தப் படங்களின் மூலத்தைப் பாருங்கள். சேகரிப்போருக்காகவே செய்யப்படும் பொம்மைகள் உலகெங்கும் இருக்கின்றன. விலை பல்லாயிரம் ரூபாய். வாங்கியவர் பெட்டியைத் திறப்பதில்லை. திறந்தால் மதிப்புக் குறைந்துவிடும்! பிள்ளைக்காகப் பிறந்த பொருள் பிள்ளையின் கை படாமல் இருப்பதே அதன் பெருமை. டெல்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-இல் நிறுவிய பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது. ஏறத்தாழ 85 நாடுகளின் பொம்மைகள், ஆறாயிரத்துக்கும் மேல், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. நாடுகளின் உடையையும் தொழிலையும் பிள்ளைகள் கண்டறிய அது நல்ல இடம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் தம் வீட்டிலேயே கண்ணாடிப் பெட்டி செய்து, விளக்குப் போட்டு, தூசு துடைத்து, விருந்தாளியை அழைத்துக் காட்டும்போது அங்கே உருவம் ஏறக்குறைய எந்த இடத்துக்குப் போய்விட்டது? அந்தத் திரை தொங்கிய இடத்துக்கு.

கலசப்பாக்கத்துச் சிறுமி செய்ததோ நேர்மாறு. கண்ணாடிக்குள் நின்றதன் படத்தை எடுத்து, துண்டு துண்டாக வெட்டி, பசை தடவி, நூல் கோத்துத் தரையில் போட்டாள். அதன் கை ஒடிந்தால் வேறு ஒட்டுவாள். வெட்டியதைத்தான் மறுபடி சேர்த்துவிட்டாளே, உருவம் திரும்பி வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்துதான் விட்டது, பொம்மையாக வந்திருக்கிறது. பொம்மைக்கு உள்ள அனுமதி அதற்கும் உண்டு என்பதே எமக்குச் சரியாகப் படுகிறது. கடுமையான கருத்தைப் பின்பற்றும் குடும்பம் முகத்தை மட்டும் கோடாக வரைந்து ஒட்டிக்கொள்ளட்டும். பிள்ளையின் விளையாட்டு அதனால் குறையாது.

இந்த இடத்தில் நம்மையும் சற்றுப் பார்த்துக்கொள்ளலாம். முந்தியில் மயிலும் அன்னமும் நெய்த பட்டுச் சேலையோடு நிக்காஹ் மஜ்லிஸுக்குப் போகிறோம். ஆளுயரக் கல்யாணப் படத்தைச் சட்டமிட்டு மாட்டுகிறோம். ஷோகேஸில் பீங்கான் குதிரையும் வெண்கல மானும் நிற்கின்றன. அவற்றை எவரும் கிழிப்பதில்லை, உடைப்பதுமில்லை. விலை கொடுத்து வாங்கியவை அல்லவா! காகிதத்தைக் கிழிப்பது சுலபம்; சிறு பிள்ளையின் காகிதம் என்றால் இன்னும் சுலபம்.

மூட்டுள்ள பொம்மை நம் சமுதாயத்துக்கு அந்நியமுமல்ல. துருக்கியரின் கராகோஸ் நிழற்கூத்தில் ஒட்டகத் தோலில் வெட்டிய உருவங்களை மூட்டு மூட்டாகக் கோத்து, துளையில் கோலைச் செருகி ஆட்டுவார்கள். ஜாவாவில் தோல்பாவைகளின் தோள்களும் கைகளும் மனித அளவுக்குப் பொருந்தாமல் நீண்டிருப்பதற்கு இஸ்லாம் பரப்பிய வலிமார்களே காரணம் என்று அந்நாட்டு மக்கள் சொல்லி வருகிறார்கள். இவற்றைவிட நமக்கு நெருக்கமானது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில், ஷுக்ரைப் பற்றிய பாடத்தில் காட்டும் உதாரணம். இரவில் திரைக்கு மேலே கந்தல் துணியால் ஆன உருவங்கள் ஆடுகின்றன, எழுகின்றன, உட்காருகின்றன. பிள்ளைகள் அவை தாமாகவே ஆடுவதாக எண்ணி மகிழ்கிறார்கள். பெரியவர்களுக்குத் தெரியும், மயிர் போன்ற மெல்லிய இழைகள் அவற்றில் கட்டப்பட்டிருக்கின்றன, இழைகளின் நுனி திரைமறைவில் இருப்பவன் கையில். உலகத்தில் ஒவ்வொருவரும் தாமே அசைவதாகக் காண்பவர்கள் அந்தப் பிள்ளைகளைப் போன்றவர்கள் என்பது இமாமின் கருத்து. பொம்மையை வைத்துத் தவ்ஹீதைப் பாடம் சொல்கிறார்கள்!

சொந்தக் கையால் மூட்டுக் கட்டிய பிள்ளை அந்தத் திரையின் மறுபுறத்தில் நிற்கிறாள். இந்தப் பொம்மைக்குச் சொந்தமாக ஓர் அசைவு இல்லை என்பது வேறு எவரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். விரலை எடுத்தால் கை தொங்கிவிடும். உயிர் கொடு என்றால் கொடுக்க முடியாது என்ற ஹதீஸின் பொருளை அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பொத்தானை அழுத்தினால் பேசி, கண் சிமிட்டி, தானே நடக்கும் பொம்மையைக் கையில் வைத்திருக்கும் குழந்தைக்கு அதைச் சொல்வது சற்றுக் கடினம்.

பிள்ளையின் பக்கத்தில் கவலைப்படவே ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. எமக்கு உறுத்துவது காகிதமல்ல, படத்தைத் தேடும் கண். இன்று ஒரு பொம்மை, நாளை அதன் வீடு, அதன் கார், அதன் நூறு உடைகள் என்று ஆசை நீளும்படியே வியாபாரிகள் படம் பிடித்துக் காட்டுகிறார்கள். 1959-இல் அமெரிக்காவில் வந்த பார்பி அந்த வழியை உலகுக்குக் காட்டியது. அதற்கு மாற்றாக 2003-இல் சிரியா நாட்டு நிறுவனம் ஒன்று அபாயா உடுத்திய ஃபுல்லா என்ற பொம்மையைக் கொண்டுவந்தது. உடை மாறியது, வாங்கச் சொல்லும் வேகம் மாறவில்லை. செய்யும் பிள்ளைக்கு அந்த நோய்க்கு ஓரளவு மருந்து கிடைக்கிறது. விலைப் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடாமல் கத்திரியை எடுக்கிறாள், கழிவு நூலில் உடை தைக்கிறாள். ஆனால் செய்வதைவிடப் பார்ப்பதிலேயே பொழுது போகத் தொடங்கினால், படங்கள் சேர்ந்துகொண்டே போய் வெட்டுவது நின்றுவிட்டால், அவளும் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்துக்கொண்டாள் என்று தாய் அறிந்துகொள்ளட்டும்.

அந்தச் சகோதரிக்கு நேராகவே சொல்கிறோம். தொழும் இடத்தில் பொம்மை கிடந்தது தவறு. அதைச் சொல்லித் திருத்தும் உரிமை நன்னாவுக்கு உண்டு. ஒரு பெட்டியைக் கொடுத்து, வக்துக்கு முன் எடுத்து வைக்கப் பழக்குங்கள். ஆயிஷா நாயகியின் பொம்மைகளும் திரைக்குப் பின்னால்தான் இருந்தன. ஆனால் கிழித்தது வேறு விஷயம். பருவமடையாத பிள்ளையின் பொருளும் அவளுடைய பொருளே. அவளைப் பெற்றவர்கூட அதை வீணாக்க மார்க்கம் இடம் தருவதில்லை. இதை மாமாவிடம் மரியாதையோடு, தனியாக, பிள்ளை இல்லாத நேரத்தில் சொல்லுங்கள். பெருமானார் (ஸல்) அவர்களைக் கண்டு ஒளிந்த சிறுமிகள் எப்படித் திரும்ப அழைக்கப்பட்டார்கள் என்பதை அவருக்கு நினைவூட்டினாலே போதும் என்று நம்புகிறோம். பிள்ளையிடம் பேச்சைத் தொடங்க வேண்டியவர் அவர். பத்து வயதுப் பிள்ளை முதலில் வந்து ஸலாம் சொல்லட்டும் என்று காத்திருப்பது வயதுக்கு அழகல்ல. அவளுக்கும் நன்னாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: அவர் பொம்மையை வெறுக்கவில்லை, மலக்குகள் வீட்டைவிட்டுப் போய்விடுவார்களே என்று பயந்தார்.

கடைசியாக ஒன்று. இப்படிச் செய்த பொம்மைகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஐந்து, பத்து ரூபாய்க்கு விற்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வீட்டில் விளையாட ஒரு படத்தை வெட்டிக்கொள்வது ஒன்று, விற்பது வேறு. அந்தப் பொம்மையை ஒருவர் வடித்தார், இன்னொருவர் நின்று படம் பிடித்தார். அந்த உழைப்பில் நமக்குப் பங்கில்லை. விற்கத்தான் வேண்டுமென்றால் முகத்தையும் உடலையும் தானே வரைந்து செய்யட்டும். ஆனால் கையால் உருவம் வரைவது புகைப்படத்தைவிடக் கடுமையாகப் பேசப்பட்ட மஸ்அலா என்பதால், அதற்கு முன் உள்ளூர் ஆலிமிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஜரிகைத் துணுக்கில் அவள் தைத்த சின்னஞ்சிறு உடைகளை விற்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.